கழுத்தில் தொங்கிய அலைநீளம்

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். அரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று தலைவர் சொல்லியிருக்கிறார். வாத்தியாருக்கு ஒரு பீரியட் முழுக்கப் பேசித்தான் பழக்கம். நேரமானால் தயங்காமல் மணியடித்துவிடுங்கள்.

மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். கரும்பலகையில் நான் அதிகம் எழுதிய கிரேக்க எழுத்து லாம்டா. மேல் இடது மூலையிலிருந்து கீழ் வலது மூலைக்கு நீளமாக ஒரு சாய்கோடு, அதன் இடுப்பிலிருந்து இடப்பக்கமாக ஒரு குட்டைக் கால். அவ்வளவுதான். சாக்பீஸை இரண்டு தடவை இழுத்தால் எழுத்து வந்துவிடும். அலைநீளத்துக்கு அதுதான் குறி, கதிரியக்கச் சிதைவு மாறிலிக்கும் அதுதான். பிளஸ் டூவில் அறிவியல் படித்த யாருக்கும் மறந்திருக்காது.

சில வருஷங்களுக்கு முன் தீபாவளி சமயத்தில் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். பெயர் வேண்டாம். கழுத்தில் மெல்லிய வெள்ளிச் சங்கிலி, அதில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு லாம்டா. "என்னடா, அலைநீளத்தைக் கழுத்துல மாட்டிக்கிட்டுத் திரியறே?" என்று கேட்டேன். "நீங்க நடத்தினது மறந்துடக் கூடாதுல்ல சார்" என்று சிரித்தான். என் மனைவி காபி போட உள்ளே போனதும் குரலைத் தாழ்த்தி, தான் தன்பால் ஈர்ப்பு உள்ளவன் என்றும், உலகத்தில் அப்படிப்பட்டவர்கள் ஐம்பது வருஷமாக அணியும் அடையாளம் இது என்றும் சொன்னான். "பழங்காலத்துக் கிரேக்க வீரர்கள் கேடயத்துல இருந்தது சார். காதலர்களா ஜோடி ஜோடியா நின்னு சண்டை போட்ட படை" என்றான். சொல்லும்போது அவன் முகத்தில் இருந்த பெருமிதத்தைப் பார்த்த எனக்கு மேற்கொண்டு கேட்கத் தோன்றவில்லை. அவன் போன பிறகுதான் தேடிப் படித்தேன். அதைத்தான் இன்று உங்களிடம் சொல்லப் போகிறேன்.

1969 ஜூன் கடைசியில் நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ் பகுதியில் தன்பால் ஈர்ப்பாளர்கள் கூடும் ஸ்டோன்வால் இன் என்ற மதுக்கடைக்குள் போலீஸ் சோதனைக்கு நுழைந்தது. வழக்கமாகத் தலைகுனிந்து வேனில் ஏறுபவர்கள் அன்று எதிர்த்து நின்றார்கள். அதே வருஷம் டிசம்பரில் அவர்கள் உரிமைக்காகப் பிறந்த அமைப்புதான் கே ஆக்டிவிஸ்ட்ஸ் அலையன்ஸ். அன்றைக்கு அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் தன்பால் உறவு சட்டப்படி குற்றம். அதை மனநோய்ப் பட்டியலில் வைத்திருந்த அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973 டிசம்பரில்தான் எடுத்தது.

அந்த அமைப்பில் டாம் டோர் என்று ஒரு வரைகலைஞர் இருந்தார். 1970-இல் அமைப்புக்கு ஒரு சின்னம் தேவைப்பட்டபோது லாம்டாவைத் தேர்ந்தெடுத்தவர் அவர். துண்டறிக்கையில் அதற்கு ஒரு விளக்கமும் போட்டார்கள். வேதியியலிலும் இயற்பியலிலும் லாம்டா என்பது ஆற்றலின் முழுமையான பரிமாற்றத்தைக் குறிக்கும், முழுச் செயல்பாட்டின் கணத்தைக் குறிக்கும் என்பது அதன் சாரம்.

இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் புரட்டிய எந்தப் பாடப் புத்தகத்திலும் லாம்டாவுக்கு இப்படி ஒரு பொருள் கிடையாது. பரீட்சையில் ஒரு பையன் இப்படி எழுதியிருந்தால் சிவப்பு மையில் சுழித்து முட்டை போட்டிருப்பேன். ஆனால் அந்தத் துண்டறிக்கையில் கேடயம் இல்லை, காதலர் படை இல்லை, கிரேக்கப் பெருமை எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். பழமையைத் தேடாமல் அறிவியலின் பக்கம் போய் நின்றிருக்கிறார்கள். உங்களை நோயாளி என்று சொல்பவன் விஞ்ஞானத்தின் பெயரால் சொல்லும்போது, விஞ்ஞானத்திலிருந்தே ஓர் எழுத்தை எடுத்து மார்பில் குத்திக்கொள்வதில் ஒரு குசும்பு இருக்கிறது. அவர்கள் அப்படி நினைத்துத்தான் செய்தார்களா என்பது வேறு விஷயம், எனக்கு அப்படிப் படுகிறது.

குசும்பில் அவர்களுக்குக் குறைச்சலே இல்லை. 1970 அக்டோபரில் ஹார்ப்பர்ஸ் இதழ் தன்பால் ஈர்ப்பாளர்களை இழிவுபடுத்தும் கட்டுரை ஒன்றை வெளியிட்டதற்காக அதன் அலுவலகத்துக்குள் போய் உட்கார்ந்தார்கள். கோஷமும் இல்லை, கல்வீச்சும் இல்லை. காபியும் டோனட்டும் கொண்டுபோனார்கள். வேலைக்கு வந்த ஒவ்வொருவரிடமும் கை நீட்டி, தன் பெயரைச் சொல்லி, நான் தன்பால் ஈர்ப்பாளன், ஒரு டோனட் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள்! மறுநாள் காலையில் நம் அலுவலகத்தில் இது நடந்தால் நாம் என்ன செய்வோம்? காபியை வாங்கிக்கொள்வோமா?

1971-இல் ஊஸ்டர் தெருவில் கைவிடப்பட்ட பழைய தீயணைப்பு நிலையம் ஒன்றை வாடகைக்குப் பிடித்தார்கள். வாசலில் லாம்டா கொடி. சனிக்கிழமை ராத்திரியானால் நடனம், கூட்டம் நெரியும். 1974 அக்டோபரில் யாரோ அந்தக் கட்டடத்துக்குத் தீ வைத்தார்கள். தீயணைப்பு நிலையமே எரிந்து போனது.

எழுத்து எரியவில்லை. இரண்டே மாதத்தில், அதே 1974 டிசம்பரில், ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் கூடிய பன்னாட்டு மாநாடு லாம்டாவை உலகம் முழுவதற்குமான சின்னமாக அறிவித்தது. இங்கிலாந்தில் 1967-இலேயே சட்டம் தளர்ந்துவிட்டது. ஸ்காட்லாந்தில் அது நடந்தது 1980-இல்தான். ஆகவே எடின்பரோவில் கூடியவர்கள் தங்களைக் குற்றவாளி என்று சொல்லும் மண்ணில் நின்றுகொண்டுதான் சின்னத்தை அறிவித்தார்கள்.

இனி கேடயத்துக்கு வருவோம். லாம்டா கேடயத்தில் இருந்ததா? இருந்தது, பழங்காலக் கிரேக்க நகர அரசான ஸ்பார்ட்டாவின் வீரர்களுடைய கேடயத்தில். அவர்கள் நாட்டின் பெயர் லாக்கெடைமோன், அதன் முதல் எழுத்து. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டு நகைச்சுவை நாடகக்காரர் யூபோலிஸின் துண்டு வரி ஒன்று மிஞ்சியிருக்கிறது. பளபளக்கும் லாம்டாக்களைக் கண்டு ஒருவன் கதிகலங்கினான் என்பது அதன் செய்தி. அந்த எழுத்து ஆங்கிலக் கேப்பிட்டல் மாதிரியான பெரிய லாம்டா, கூரை போட்டது போல இரண்டு கோடுகள். என் மாணவன் கழுத்தில் இருந்தது சின்ன லாம்டா. சின்ன எழுத்துகள் பைசாந்தியக் காலத்து நகலெழுத்தாளர்கள் வேகமாக எழுதப் பழகியபோது வந்தவை. ஸ்பார்ட்டா அடங்கி ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆன பிறகு.

காதலர் படை? அதுவும் இருந்தது. ஆனால் அது தீப்ஸ் நகரத்தின் படை. 150 ஜோடிகள், 300 பேர் என்று பழங்காலக் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதுகிறார். தீப்ஸ்காரர்களுக்கு அடையாளம் ஹெராக்ளீசின் கதாயுதம். ஆர்க்கேடியா வீரர்கள் தங்களைத் தீப்ஸ்காரர்கள் போலக் காட்டிக்கொள்ளக் கேடயத்தில் கதாயுதம் வரைந்துகொண்டதாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் செனபோன் குறிப்பிடுகிறார். கி.மு. 371-இல் லியூக்ட்ராவில் இந்த 300 பேரும் முன்னணியில் நின்று தோற்கடித்தது யாரை என்று நினைக்கிறீர்கள்? அந்த லாம்டாக் கேடயக்காரர்களைத்தான்! பாண்டவர் தேரில் துரியோதனன் கொடியைக் கட்டியது போல, காதலர் படையின் கையில் பகைவனின் எழுத்தைக் கொடுத்துவிட்டது பின்னால் வந்த கதை.

செனபோனிடம் இன்னொரு சம்பவம் இருக்கிறது. கி.மு. 392-இல் கொரிந்து நகரத்துச் சுவர்களுக்கு இடையே நடந்த சண்டை. தங்கள் கூட்டாளிகளான சிக்யோன் நகரத்து வீரர்கள் சிதறுவதைப் பார்த்த பாசிமாக்கஸ் என்ற ஸ்பார்ட்டாத் தளபதி, குதிரைகளை மரத்தில் கட்டிவிட்டு, அவர்களுடைய கேடயங்களை வாங்கிக்கொண்டு எதிரிகளான ஆர்கோஸ் நகரத்துப் படையை எதிர்த்து நடந்தான். அந்தக் கேடயங்களில் சிக்யோனின் முதல் எழுத்தான சிக்மா. ஆர்கோஸ்காரர்கள் சிக்யோன்தானே என்று அலட்சியமாக வந்தார்கள். "இந்த சிக்மாக்கள் உங்களை ஏமாற்றப் போகின்றன" என்று அவன் சொன்னானாம். சொல்லிவிட்டு அங்கேயே செத்தும் போனான். எழுத்தை நம்பினால் இதுதான் கதி.

இப்போதும் ஏமாற்றுகிறது. 2012-இல் பிரான்ஸில் கிளம்பிய ஒரு தீவிர வலதுசாரி இளைஞர் அமைப்பு, குடியேறிகளை விரட்ட வேண்டும் என்பது அதன் பேச்சு, ஸ்பார்ட்டாக் கேடயத்தை நினைத்துப் பெரிய லாம்டாவை வட்டத்துக்குள் போட்டு மஞ்சள் நிறத்தில் கொடியாக்கியது. 2021-இல் பிரெஞ்சு அரசு அந்த அமைப்பைக் கலைத்தது. நம்மூர் ஐடி பிள்ளைகளிடம் லாம்டா என்றால் அமேசான் சர்வீசா என்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் என்னவென்று தெரியாத சின்னம் அது. 1978-இல் சான் பிரான்சிஸ்கோவில் கில்பர்ட் பேக்கர் வானவில் கொடியைப் பறக்கவிட்ட பிறகு ஊர்வலங்களில் லாம்டா மெல்லப் பின்னால் போனதில் வியப்பில்லை. ஆனால் ஒளிந்து வாழ்பவனுக்குத் தூரத்திலிருந்து தெரியாததுதானே வேண்டும்? எதிரே காபி டம்ளரோடு உட்கார்ந்திருக்கும் வாத்தியார்கூட அலைநீளம் என்று நினைத்துக்கொள்ள வேண்டும்.

இன்று அந்த எழுத்து அதிகம் வாழ்வது பெயர்களில். நியூயார்க்கில் வில்லியம் தாம் என்ற வழக்கறிஞர் லாம்டா லீகல் என்ற சட்ட உதவி அமைப்பைப் பதிவு செய்யப் போனார். இதில் தர்ம காரியமும் இல்லை, நற்பணியும் இல்லை என்று நீதிமன்றம் தள்ளிவிட்டது. மேல்முறையீட்டில் 1973-இல் வென்றார்கள். ஆக, அந்த அமைப்பின் முதல் கட்சிக்காரர் அந்த அமைப்பேதான். முப்பது வருஷம் கழித்து, 2003-இல், லாரன்ஸ் எதிர் டெக்சஸ் வழக்கை நடத்தி, தன்பால் உறவைக் குற்றமாக்கிய சட்டங்களை அமெரிக்கா முழுக்க விழவைத்தவர்களும் அவர்கள்தான். அந்தத் தீர்ப்பை 2009-இல் டெல்லி உயர் நீதிமன்றம் மேற்கோள் காட்டியது. 2018-இல், தன்பால் உறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவின் பிடியைத் தளர்த்தியபோது நம் உச்ச நீதிமன்றமும் காட்டியது. துண்டறிக்கையில் தப்பாக விளக்கப்பட்ட ஓர் எழுத்து நடந்து வந்த தூரம் இது.

அடுத்த தடவை பையன் வந்தபோது இதையெல்லாம் அவனிடம் சொல்லலாமா வேண்டாமா என்று எனக்குள் பெரிய போராட்டம். வாத்தியார் புத்தி, தப்பைப் பார்த்தால் திருத்தாமல் இருக்க முடியாது. சொல்லிவிட்டேன். டேய், உன் காதலர் படைக்கு எதிரிப்படையோட எழுத்துடா அது.

கொஞ்ச நேரம் சங்கிலியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தான். பிறகு, "அப்போ பிடுங்கிட்டு வந்ததுன்னு வச்சுக்குங்க சார்" என்றான்.

தலைவர் மணியைக் கையில் எடுத்துவிட்டார். யாராவது ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள், கேள்விகளுக்குப் போகலாம்.