வாட்டத்திலிருந்து வரைபடம் வரை: தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் புவியியல்

வணக்கம். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்குப் புவியியலை எங்கிருந்து தொடங்கிச் சொல்லித் தரலாம் என்பதைப் பற்றி இன்று பேசப் போகிறேன். ஆசிரியர்களும் பெற்றோர்களும் பார்ப்பதால், வீட்டிலும் பள்ளியிலும் செலவில்லாமல் செய்யக்கூடியவற்றை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன். ஆடி முடிந்தும் காற்று ஓயவில்லை. மைக்கைக் கையால் மறைத்துக்கொண்டு பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தக் காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது.

பெரும்பாலான வகுப்பறைகளில் முதல் பாடம் உலக உருண்டையில்தான் தொடங்குகிறது. ஏழு கண்டங்கள், ஐந்து பெருங்கடல்கள் என்று பிள்ளை ஒப்பித்துவிடுகிறது. ஆனால் பள்ளித் திடலில் பெய்த மழை எந்தப் பக்கம் ஓடி எங்கே போய்ச் சேர்கிறது என்று கேட்டால் விழிக்கிறது. எனக்கு இந்த வரிசையில் உடன்பாடு இல்லை. புவியியலில் ஒரு குழந்தைக்கு முதலில் புரிய வேண்டியது நிலத்தின் வாட்டம், அதாவது சரிவு, என்பதே என் உறுதியான கருத்து. மொட்டை மாடி போடும் கொத்தனாரும், பாத்தி கட்டித் தண்ணீர் பாய்ச்சும் விவசாயியும் அன்றாடம் பார்க்கும் அதே நீர்வாட்டம்தான். மேடு எது, பள்ளம் எது என்று கண்டுகொண்ட பிள்ளைக்கு ஆறு, ஏரி, அணை, சமவெளி ஆகிய அனைத்தும் அதிலிருந்தே விளங்கத் தொடங்கும்.

இதைச் செய்து காட்டுவது எளிது. பள்ளித் திடலின் நான்கு மூலைகளிலும் ஆளுக்கொரு குடம் தண்ணீரை ஊற்றச் சொல்லுங்கள். ஊற்றுவதற்கு முன்பாகவே, தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று ஒவ்வொரு பிள்ளையும் தரையில் சுண்ணாம்புத் தூளால் ஒரு அம்புக்குறி போட்டுவிட வேண்டும். கண்ணுக்குச் சமமாகத் தெரியும் தரைகூடச் சமமாக இல்லை என்பதைத் தண்ணீரே காட்டிவிடும். யாருடைய அம்புக்குறி சரி என்ற பேச்சிலேயே பாதிப் பாடம் முடிந்துவிடும்.

திடலில் கண்டதை அடுத்து, தமிழ்நாட்டின் மேற்குப் பகுதியான நம் கொங்கு நாட்டுக்கே விரித்துச் சொல்லலாம். கோவை கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டருக்கு மேலான உயரத்தில் இருக்கிறது. ஈரோடு 200 மீட்டருக்கும் கீழே இருக்கிறது. கொங்கு நாடு மேற்கே உயர்ந்து கிழக்கே தாழ்ந்திருப்பதால்தான், வெள்ளியங்கிரி மலைத்தொடரில் பிறக்கும் நொய்யல் கோவையையும் திருப்பூரையும் கடந்து கிழக்கே ஓடிக் காவிரியில் கலக்கிறது. அமராவதியும் கரூரைத் தாண்டிக் காவிரியையே சேர்கிறது. பவானியின் வழி மட்டும் சற்று வேறு. நீலகிரியில் பிறக்கும் அந்த ஆறு முதலில் கேரளத்து அட்டப்பாடிக்குள் போய், அங்கிருந்து திரும்பித் தமிழ்நாட்டுக்குள் வந்து, பவானி கூடுதுறையில் காவிரியோடு சேர்கிறது. போன ஆறு ஏன் திரும்பி வந்தது என்று நான்காம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். மேற்கே மலை தடுத்திருக்கும், வாட்டம் இந்தப் பக்கமாக இருந்திருக்கும் என்று எவரேனும் ஒருவர் சொன்னால், உங்கள் முதல் பாடம் பலித்துவிட்டது.

நான் நிற்பது சென்னிமலை வட்டாரத்தில், கீழ்பவானி வாய்க்காலின் கரையில். 1950-களில் கட்டி முடிக்கப்பட்ட பவானிசாகர் அணையிலிருந்து வரும் இந்த வாய்க்கால் சுமார் 200 கிலோமீட்டர் நீளமுடையது. நேராக வெட்டியிருந்தால் தூரம் மிகவும் குறைந்திருக்குமே, ஏன் இப்படி வளைந்து வளைந்து போகிறது என்பது பிள்ளைகளிடம் கேட்கத்தக்க நல்ல கேள்வி. தண்ணீர் தானாகவே ஓட வேண்டும், அதே சமயம் விரைவில் தாழ்ந்து பள்ளத்தில் விழுந்துவிடவும் கூடாது என்பதற்காக, ஏறக்குறைய ஒரே உயரமுள்ள இடங்களைத் தொட்டுத் தொட்டு இதை வெட்டியிருக்கிறார்கள். அதனால் வாய்க்காலைவிடத் தாழ்ந்த கீழ்ப்புறத்துக்கு மட்டுமே தண்ணீர் பாயும். கேமராவைத் திருப்புகிறேன், பாருங்கள்: கீழ்ப்புறம் நெல்லும் மஞ்சளும் வாழையும், மேல்புறம் கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமுமாகக் கொறங்காடு, அதாவது மானாவாரி மேய்ச்சல் நிலம். சம உயரக் கோடு என்ற சொல்லைப் பிள்ளைகள் பிற்பாடு மேல்வகுப்பில் படிப்பார்கள். அந்தக் கோட்டை இங்கே கண்ணால் பார்த்துவிடலாம். 13-ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட காலிங்கராயன் வாய்க்காலும் இதே முறையில்தான் பவானியிலிருந்து நொய்யலை நோக்கி வளைந்து செல்கிறது. ஓடும் வாய்க்காலின் கரைக்குப் பிள்ளைகளை அழைத்து வருவதானால் போதிய பெரியவர்கள் உடன் வர வேண்டும். கரையை விட்டு ஒரு பிள்ளையும் கீழே இறங்கக் கூடாது.

அடுத்தது திசை. நம் பக்கத்துப் பிள்ளைகள் திசையை அறியாதவர்கள் அல்லர். ‘வடக்காலத் தோட்டம்’, ‘தெக்கால வளவு’ என்று வீட்டில் கேட்டே வளர்கிறார்கள். வடக்கே தலைமலை, தெற்கே பழனி, மேற்கே வெள்ளியங்கிரி, கிழக்கே குளித்தலை என்று நாட்டுக்கு எல்லை சொல்லும் பழைய வழக்கும் நமக்கு உண்டு. சிக்கல் வகுப்பறைக்குள்தான் தொடங்குகிறது. உதிக்கும் சூரியனைப் பார்த்து நின்றால் முன்னே கிழக்கு, இடக்கைப் பக்கம் வடக்கு என்று சொல்லித் தருகிறோம். ஆனால் சூரியன் நேர்கிழக்கில் உதிப்பது மார்ச் 21, செப்டம்பர் 23 ஆகிய நாள்களை ஒட்டி மட்டுமே. பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில், நம் பகுதியில் அது நேர்கிழக்கிலிருந்து ஏறத்தாழ 24 பாகை வடக்கே தள்ளி உதிக்கிறது. அந்த மாதத்தில் இந்த முறையில் திசை பார்க்கும் பிள்ளை, வடகிழக்குக்குப் பாதி வழி தள்ளியிருக்கும் இடத்தையே கிழக்கு என்று காட்டும்.

இதைத் திருத்த ஒரு குச்சி போதும். சமமான தரையில் குச்சியை நேராக நட்டு, அதை மையமாக வைத்துக் கயிற்றால் ஒரு வட்டம் போடுங்கள். காலையில் சுருங்கிக்கொண்டே வரும் நிழலின் நுனி வட்டத்தைத் தொடும் இடத்தில் ஒரு கல்லும், மாலையில் நீளும் நிழலின் நுனி மீண்டும் வட்டத்தைத் தொடும் இடத்தில் மற்றொரு கல்லும் வைக்கச் சொல்லுங்கள். இரண்டு கற்களையும் இணைக்கும் கோடு கிழக்கு மேற்கு. முதல் கல் மேற்கு. கோயிலுக்கும் வீட்டுக்கும் மனை பார்த்தவர்கள் காலங்காலமாகக் கையாண்ட முறை இது. சூரியனை நேராகப் பார்க்க வேண்டிய அவசியமே இதில் இல்லை என்பது குழந்தைகளுக்குப் பெரிய நன்மை. நண்பகல் நிழல் எப்போதும் வடக்கேதான் விழும் என்றும் சொல்லிவிடாதீர்கள். நாம் 11 பாகை வட அட்சரேகையை ஒட்டி இருப்பதால், ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் 23-ஐ ஒட்டியும் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் நிழல் தெற்கே விழும். நம் கடிகாரம் 82½ பாகைத் தீர்க்கக்கோட்டின் நேரத்தைக் காட்டுவதால், அதற்கு ஐந்து பாகை மேற்கே இருக்கும் நமக்கு உச்சிப் பொழுது ஏறத்தாழ 20 நிமிடம் பிந்தியே வரும் என்பதையும் ஆசிரியர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வரைபடத்துக்கு வருகிறேன். தயவுசெய்து முதல் வரைபடத்தைச் சுவரில் மாட்டாதீர்கள். சுவரில் மாட்டினால் வடக்கு விட்டத்தின் பக்கமும் தெற்கு தரையின் பக்கமும் போய்விடுகின்றன. ஆறுகள் எல்லாம் வடக்கிலிருந்து தெற்கேதான் இறங்கும் என்று பிள்ளைகள் எண்ணிக்கொள்கிறார்கள். நம் ஆறுகளோ கிழக்கே ஓடுகின்றன. வரைபடத்தைத் தரையில் விரித்து, குச்சி நிழலில் கண்டறிந்த வடக்கோடு அதன் வடக்கைப் பொருத்தி, பிள்ளைகளைச் சுற்றி உட்கார வையுங்கள். ஈரோட்டைத் தொடும் பிள்ளை ஈரோடு இருக்கும் பக்கமே கை நீட்டும்.

மேலிருந்து பார்த்து வரைவதற்கு டிபன் பாக்ஸையும் டம்ளரையும் தாளில் கவிழ்த்து வைத்து ஓரம் வரைந்தாலே போதும். அளவுத்திட்டத்துக்கு கட்டம் போட்ட கணக்கு நோட்டு இருக்கிறது. ஒரு எட்டுக்கு, அதாவது ஒரு காலடித் தூரத்துக்கு, ஒரு கட்டம் என்று வகுப்பறையை அளந்து வரையச் சொல்லுங்கள். எல்லாருடைய எட்டும் ஒரே நீளமாக இருப்பதில்லை என்பதால் வரைபடங்கள் மாறுபடும். எல்லாருக்கும் பொதுவான அளவு ஒன்று தேவை என்பதைப் பிள்ளைகளே கேட்பார்கள். அப்போது மீட்டர் டேப்பை எடுத்துக் கொடுங்கள், அதற்கு முன்பு வேண்டாம்.

இனி, மைக்கில் இரைந்துகொண்டிருக்கும் இந்தக் காற்று. மேற்குத் தொடர்ச்சி மலையில் நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே பாலக்காட்டுக் கணவாய் என்ற அகன்ற இடைவெளி இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அதன் வழியே நுழைந்து நம்மிடம் வேகமாக வருகிறது; பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் காற்றாலைகள் நிறைந்திருப்பதற்கு இதுவே காரணம். காற்று வருகிறது, மழை மட்டும் ஏன் வருவதில்லை என்பது கூர்மையான பிள்ளை கேட்கும் கேள்வி. அந்தக் காற்று மலைமேல் ஏறிக் குளிர்ந்து தன் ஈரத்தைப் பெரும்பகுதி மலையின் அந்தப் பக்கமே கொட்டிவிடுகிறது. அதனால்தான் வால்பாறை இந்த மாதங்களில் நனைந்துகொண்டே இருக்க, மலையின் மறைவில் இருக்கும் நாம் ஐப்பசி, கார்த்திகை மழைக்குக் காத்திருக்கிறோம். குச்சியில் ஒரு ரிப்பனைக் கட்டித் திடலில் நட்டு, அது பறக்கும் திசையை நாள்தோறும் குறித்து வைத்தால், காற்று திசை மாறும் காலத்தைப் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள்.

உலக உருண்டையை ஐந்தாம் வகுப்பு வரை நான் எடுப்பதில்லை. எடுக்கும் நாளில் அதற்கென ஒரு வேலை இருக்கும். உருண்டையில் கோவைக்கு நேரே சிறு தீக்குச்சித் துண்டு ஒன்றைக் களிமண்ணால் நிற்க வைத்து, அறையை இருட்டாக்கி, டார்ச் விளக்கைச் சற்றுத் தொலைவில் உருண்டையின் நடு உயரத்துக்கு நேராக, அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். உருண்டையின் வடமுனை விளக்கின் பக்கம் சாய்ந்திருக்கும்படி வைத்துக் கோவையை விளக்குக்கு நேரே திருப்பினால் குச்சியின் நிழல் தெற்கே விழும்; அது ஜூன். வடமுனை விளக்கை விட்டு விலகிச் சாயும்படி உருண்டையை எதிர்ப்புறம் கொண்டுபோய் வைத்து, விளக்கை நின்ற இடத்திலேயே அதன் பக்கம் திருப்பி, கோவையை விளக்குக்கு நேரே கொண்டுவந்தால் நிழல் வடக்கே விழும், அது டிசம்பர். ஓராண்டுக் காலம் திடலில் குச்சி நட்டு நிழலைக் குறித்து வந்த பிள்ளைகளிடம் அந்த நோட்டைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, உருண்டையில் விழும் நிழலை அவர்களையே படிக்கச் சொல்லுங்கள்.