"நல்லாத்தான் இருக்கேன், எதுக்கு செக்கப்?"

வணக்கம். கர்ப்பிணிகளைப் பரிசோதிக்கும் மகப்பேறு மருத்துவர் என்ற முறையில் என்னைப் பேச அழைத்திருக்கிறார்கள். நடு மாதங்களைப் பற்றிப் பேசுகிறேன் என்று நானாகத்தான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

முதல் மூன்று மாதம் வாந்தியும் தலைச்சுற்றலுமாகப் போய்விடும். கடைசி மூன்று மாதம் வயிறு கனத்து, நாளை எண்ணிக்கொண்டே போகும். நடுவில், 14-ஆவது வாரத்தில் தொடங்கி 27-ஆவது வாரம் முடியும்வரை, கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைக்கும். பசி எடுக்கும், தூக்கம் வரும், முகம் தெளியும். செக்கப்புக்கு வராமல் நின்றுவிடுவதும் பெரும்பாலும் இப்போதுதான். "நல்லாத்தான் இருக்கேன் டாக்டர், அதான் வரல" என்பார்கள்.

அவர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் இந்த மாதங்களில் நாங்கள் தேடுகிற கோளாறுகள் பலவும் ஆரம்பத்தில் வலிக்காதவை. பிரஷர் ஏறுவது தெரியாது. சுகர் கூடுவது தெரியாது. சிறுநீரில் கிருமி இருந்தும் எரிச்சல் இல்லாமல் இருக்கலாம். அளந்து பார்த்தால்தான் பிடிபடும். சிக்கல் எதுவும் இல்லாத கர்ப்பத்துக்கே குறைந்தது எட்டு முறை பரிசோதனை வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2016-இல் சொன்னது. அதில் 20-ஆவது வாரமும் 26-ஆவது வாரமும் இந்த நடு மாதங்களில் வருகின்றன.

பிரஷரிலிருந்து தொடங்குகிறேன். கர்ப்பத்தின் நடுப்பகுதியில் பிரஷர் இயல்பாகவே கொஞ்சம் இறங்கும். அப்போது எடுத்த அளவு கையில் இருந்தால்தான், பிறகு ஏறும்போது எவ்வளவு ஏறியிருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க முடியும். 20 வாரத்துக்குப் பிறகு 140/90 அல்லது அதற்கு மேல் காட்டினால் மறுபடி அளந்து உறுதிசெய்வோம், சிறுநீரில் புரதம் போகிறதா என்றும் பார்ப்போம். அளக்கிற விதத்திலும் தப்பு நடக்கும். படியேறி வந்த மூச்சு அடங்கும் முன்பே பட்டையைச் சுற்றுவார்கள், அதுவும் சட்டைக் கையின் மேலேயே. சிறுநீரை அடக்கிக்கொண்டு, போனில் பேசிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இவை எல்லாமே அளவைக் கூட்டிக் காட்டும். ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பட, பேசாமல் உட்கார்ந்த பிறகு அளக்கச் சொல்லுங்கள். அப்படிக் கேட்பது உங்கள் உரிமை.

ஹீமோகுளோபின் குறைந்துவிட்டது என்று கலங்குகிறவர்கள் நிறைய. கர்ப்பத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதி சிவப்பணுக்களைவிட அதிகமாகக் கூடுகிறது. அதனால் அளவு கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். முதல் மூன்று மாதத்தில் 11-க்குக் கீழே போனால் ரத்தசோகை என்கிறோம், நடு மாதங்களில் 10.5-க்குக் கீழே போனால். இரும்புச்சத்து மாத்திரையால் மலம் கறுப்பாகப் போகும், மலச்சிக்கலும் வரலாம். அதற்குப் பயந்து மாத்திரையைச் சொல்லாமல் நிறுத்திவிட்டு, போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன் என்று எங்களிடம் தலையாட்டுகிறவர்கள் உண்டு. ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னால் வேறு மாத்திரை தருவோம். டீ, காபியோடும் கால்சியம் மாத்திரையோடும் சேர்த்துப் போடாதீர்கள், சத்து உடம்பில் சேராது.

24-இலிருந்து 28 வாரத்துக்குள் குளுக்கோஸ் டெஸ்ட். "எங்க வீட்டுல யாருக்கும் சுகர் இல்லையே" என்பது இதைத் தவிர்க்கக் காரணம் ஆகாது. நஞ்சுக்கொடியில் சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினுக்கு எதிராக வேலை செய்வதால், பரம்பரையில் யாருக்கும் இல்லாதவருக்கும் வரலாம். 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். பல இடங்களில் குடிப்பதற்கு முன்னும் ஒரு மணி நேரத்திலும் கூட எடுப்பதுண்டு. குமட்டும். வாந்தி எடுத்துவிட்டால் மறைக்காதீர்கள், அந்த முடிவை நம்ப முடியாது. முந்தின நாள் மட்டும் இனிப்பை நிறுத்திவிட்டு வருவதாலும் பிரயோஜனம் இல்லை. சுகர் இருப்பது தெரிந்தால், சாப்பாட்டை மாற்றி, நடந்தே பலருக்குக் கட்டுக்குள் வந்துவிடும். பிரசவத்தோடு பெரும்பாலும் போயும்விடும். ஆனாலும் குழந்தை பிறந்து ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

இப்போது ஸ்கேனுக்கு வருகிறேன். என்னிடம் வரும் பயங்களில் பெரும்பாதி இதிலிருந்துதான் வருகிறது. 18-இலிருந்து 22 வாரத்துக்குள் எடுப்பது, குழந்தையின் உறுப்புகளில் குறை ஏதும் இருக்கிறதா என்று பார்க்கும் அனாமலி ஸ்கேன். மண்டை, முதுகெலும்பு, இதயத்தின் நான்கு அறைகள், சிறுநீரகம், கை கால், நஞ்சுக்கொடி, பனிக்குட நீர் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். "ஸ்கேன் பாத்தவங்க ஒரு வார்த்தை பேசல, முகம் ஒரு மாதிரி இருந்துச்சு" என்று அழுதுகொண்டு வருவார்கள். அது கவனமாகப் பார்க்கிறவரின் முகம், அவ்வளவுதான். குழந்தை குப்புறப் படுத்திருந்தால் சிறிது நேரம் நடந்துவிட்டு வரச் சொல்வார்கள், இன்னொரு நாள் வரச் சொல்வதும் உண்டு. அதற்கும் பயம் வேண்டாம்.

பிறகு ரிப்போர்ட். டாக்டர் பார்ப்பதற்கு முன் அது போனில் படமாகி நாலு சொந்தக்காரர்களிடம் போய்விடுகிறது, ஆளுக்கொரு அர்த்தம் சொல்கிறார்கள். அதிகம் கேட்கும் பயம், நஞ்சுக்கொடி கீழே, கருப்பை வாயை ஒட்டி இருக்கிறதாம் என்பது. இருபது வாரத்தில் அப்படிக் காட்டினால், பத்துப் பேரில் ஏறக்குறைய ஒன்பது பேருக்குக் கடைசி மாதங்களில் விலகிப் போயிருக்கும். பலூனின் வாய்ப்பக்கம் ஒரு புள்ளி வைத்து ஊதினால் புள்ளி வாயிலிருந்து தள்ளிப் போகும் அல்லவா, கருப்பை விரிவதும் அப்படித்தான். 32-ஆவது வாரத்தையொட்டி இன்னொரு ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும். அதுவரை ரத்தம் பட்டால் மட்டும், வலி இல்லாவிட்டாலும், உடனே வந்துவிட வேண்டும்.

"தலை மேலே இருக்காம்" என்பார்கள். இருபது வாரக் குழந்தை காலையில் ஒரு பக்கம், மாலையில் ஒரு பக்கம் இருக்கும். தலை எங்கே என்ற கேள்விக்கே 36 வாரத்தில்தான் மதிப்பு. கழுத்தில் தொப்புள்கொடி சுற்றியிருக்கிறது என்பதும் அதேபோல. சுற்றும், அவிழும். அதை வைத்து இப்போது எந்த முடிவும் எடுப்பதில்லை. இதயத்தில் வெள்ளைப் புள்ளி, மூளையில் சின்ன நீர்க்கட்டி என்று எழுதியிருந்தால், மற்ற உறுப்புகள் சரியாக இருந்து, டவுன் சிண்ட்ரோம் போன்ற பிறவிக் குறைகளுக்காக முன்பு எடுத்த ரத்தப் பரிசோதனையும் நன்றாக இருந்தால், பெரும்பாலும் அது ஒன்றுமில்லை. அந்த நீர்க்கட்டி அநேகமாகத் தானே மறைந்துவிடும்.

அந்த ரத்தப் பரிசோதனையில் "ஹை ரிஸ்க்" என்று வந்தாலும் குழந்தைக்குக் குறை இருக்கிறது என்று பொருள் இல்லை. 150-இல் 1 என்று போட்டிருந்தால், அதே முடிவு வந்த 150 பேரில் 149 பேரின் குழந்தைக்கு அந்தக் குறை இருக்காது. உறுதியாகத் தெரிய வேண்டுமானால் 15 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரை எடுத்துப் பார்க்கும் சோதனை இருக்கிறது. வேண்டுமா வேண்டாமா என்பதைப் பொறுமையாகப் பேசி நீங்கள்தான் முடிவெடுக்க வேண்டும். மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்: ஸ்கேன் நார்மல் என்றால் எல்லாக் குறைகளும் இல்லை என்று ஆகிவிடாது. எல்லாமே படத்தில் தெரிவதில்லை.

அசைவு. தலைப்பிரசவக்காரர்களுக்கு 18, 20 வாரம் ஆகலாம். இரண்டாவது குழந்தை என்றால் 16 வாரத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். நஞ்சுக்கொடி முன்பக்கம் இருந்தால் இன்னும் தாமதமாகத் தெரியும். 24 வாரம் ஆகியும் ஒன்றுமே தெரியவில்லை என்றால் வாருங்கள். அசைவு தெரிய ஆரம்பித்த பிறகு திடீரென்று குறைந்தாலும் வாருங்கள். வீட்டில் இதயத் துடிப்பு கேட்கும் கருவி வாங்கி வைத்துக்கொண்டு, அது கேட்கிறது என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். பல நேரம் அதில் கேட்பது அம்மாவின் நாடிதான்.

புரண்டு படுக்கும்போது, இருமும்போது இடுப்பின் முன்பக்கம் சுள்ளென்று இழுப்பது கருப்பையைத் தாங்கும் தசைநார் நீள்வதால். சாயங்காலம் பாதம் வீங்குவதும் சகஜம். ரத்தம், கசியும் நீர், விட்டுவிட்டு ஒரே சீராக வரும் வலி, காய்ச்சல், நிற்காத தலைவலி, கண்முன் மின்னுவது, மேல் வயிற்றில் வலி, முகமும் கையும் திடீரென்று வீங்குவது, இவை சகஜம் இல்லை.

போன முறை ஐந்து, ஆறு மாதத்தில் கரு கலைந்தவர்கள் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். கருப்பை வாயின் நீளத்தை ஸ்கேனில் அளந்து, குறைந்தால் செய்வதற்குச் சிகிச்சை இருக்கிறது. கூட வந்தவர்கள் முன்னால் சொல்ல முடியவில்லை என்றால், "உங்ககிட்ட தனியா பேசணும்" என்றால் போதும், அவர்களை வெளியே அனுப்புவது எங்கள் வேலை. தூக்கமும் சாப்பாடும் கெடுகிற அளவுக்குக் கவலை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அதுவும் அங்கே சொல்ல வேண்டிய விஷயம்தான்.

பயம் பெரும்பாலும் ராத்திரியில்தான் வரும். ராத்திரி நேரத்தில் எந்த எண்ணுக்குக் கூப்பிடுவது, எந்த வாசல் வழியாக உள்ளே வருவது என்பதை அடுத்த செக்கப்பிலேயே கேட்டு, ஸ்கேன் ரிப்போர்ட் வைத்திருக்கும் பையின் மேல் எழுதி வைத்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.