அந்த ஊர் உங்களைக் கூப்பிட்டதா?

நேயர்களுக்கு வணக்கம்.

படிப்பை முடித்த பிள்ளைகள் பலர் அண்மைக்காலமாக என்னைத் தேடி வந்து ஒரு யோசனை கேட்கிறார்கள். “ஐயா, வெளிநாட்டில் ஏதாவது ஒரு கிராமத்தில் போய்த் தங்கிச் சேவை செய்யணும். எந்த அமைப்பு மூலமாகப் போகலாம்?” நாட்டு நலப்பணித் திட்டத்தில் நெடுங்காலம் மாணவர்களைக் கிராம முகாம்களுக்குக் கூட்டிச் சென்றவன் என்பதால் என்னிடம் வருகிறார்கள். இருபத்திரண்டு வயதில் இப்படி ஓர் ஆசை வருவதே பெரிய விஷயம். அமைப்பின் பெயரைச் சொல்வதற்கு முன் நான் அவர்களிடம் கேட்பது ஒன்றுதான்: அந்த ஊர் உங்களைக் கூப்பிட்டதா?

ஏன் இதைக் கேட்கிறேன் என்றால், இந்த வெளிநாட்டுச் சேவையின் வரலாறே அந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

சுவிட்சர்லாந்தில் பியேர் செரெசோல் என்று ஒரு பொறியாளர். அவருடைய தந்தை அந்த நாட்டின் குடியரசுத் தலைவராக இருந்தவர். மகனோ, ராணுவ வரி கட்ட மாட்டேன் என்று சொல்லிச் சிறைக்குப் போனவர். முதல் உலகப் போர் முடிந்தபின், 1920இல், பல நாட்டவரைச் சேர்த்துக்கொண்டு பிரான்சில் வெர்தன் போர்க்களத்தை அடுத்த ஒரு கிராமத்துக்குப் போனார். குண்டு வீச்சில் நொறுங்கிப் போன ஊர். அங்கே வீடு கட்ட ஆரம்பித்தார்கள். குழுவில் ஜெர்மானியர்களும் இருந்தார்கள். இடித்த நாட்டிலிருந்தே கட்டித் தரவும் ஆள் வரட்டும் என்ற எண்ணம். எவ்வளவு உயர்ந்த எண்ணம்! ஆனால் போரின் புண் ஆறாத மண் அது. எதிர்ப்பு கிளம்பியது. சில மாதங்களில் வேலையை விட்டுவிட்டு அவர்கள் கிளம்ப வேண்டியதாயிற்று. எதிர்த்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதே செரெசோல் பிறகு நம் நாட்டுக்கே வந்தார். 1934 ஜனவரி 15, பிற்பகல் நேரம். பீகாரையும் நேபாளத்தையும் உலுக்கிய நிலநடுக்கம். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். முசாபர்பூர், தர்பங்கா, முங்கேர் எல்லாம் சிதைந்தன. வீடு இடிந்தது ஒரு பக்கம். பூமி பிளந்து நீரும் மணலும் பீறிட்டு, விளைநிலங்கள் மணலால் மூடிப்போனது இன்னொரு பக்கம். நில மட்டம் மாறியதால் வெள்ளம் வந்தால் முழுகிப் போகும் நிலைக்குச் சில ஊர்கள் வந்துவிட்டன. ராஜேந்திர பிரசாத் அப்போதுதான் சிறையிலிருந்து வெளியே வந்திருந்தார். உடல்நலம் சரியில்லை. அந்த நிலையிலும் பீகார் மத்திய நிவாரணக் குழுவைத் தலைமையேற்று நடத்தினார்.

செரெசோல் வந்து சேர்ந்தது இந்த முயற்சியோடுதான். 1931இல் காந்தியடிகள் சுவிட்சர்லாந்து போயிருந்தபோதே அவரோடு பழக்கம் ஏற்பட்டிருந்தது. ஐரோப்பாவிலிருந்து உடன் வந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே. ஊர்களை மேட்டு நிலத்துக்கு மாற்றி அமைக்கும் வேலை. 1937 வரை இது நடந்தது.

மண் வெட்டவும் சுமக்கவும் பீகாரில் ஆள் பஞ்சமா? இல்லவே இல்லை. பிறகு இவர்கள் வந்ததில் என்ன பயன் என்று கேட்கலாம். வெள்ளைக்காரன் என்றால் துரை, நாற்காலியில் உட்கார்ந்து உத்தரவு போடுகிறவன் என்றிருந்த காலம் அது. அந்தக் காலத்தில் ஒரு வெள்ளைக்காரர் கிராமத்து ஜனங்களோடு சேர்ந்து உடலுழைப்பில் இறங்கினார் என்றால், கட்டிய வீடுகளைவிட அது பெரிது என்பேன். என்ன வேலை, எங்கே வேலை என்பதை முடிவு செய்ய அந்த மண்ணின் மனிதர்கள் இருந்தார்கள். பிரான்சில் இல்லாமல் போனது இங்கே இருந்தது.

இனி நம் காலத்துக்கு வருவோம். கம்போடியா. உள்நாட்டுப் போரிலும் கொலைக்களத்திலும் சிதைந்து மீண்டுகொண்டிருக்கும் நாடு. அங்கோர் வாட் பார்க்க வருகிற இளைஞர்கள், ஒரு வாரம் அநாதை இல்லத்தில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போகலாமே என்று நினைத்தார்கள். அதற்குப் பணமும் கட்டினார்கள். 2005க்கும் 2010க்கும் இடையில் அத்தகைய இல்லங்களின் எண்ணிக்கை 75 விழுக்காடு கூடியது. அப்போது அந்த நாட்டில் போர் இல்லை, கொள்ளை நோய் இல்லை. பின் அநாதைகள் எங்கிருந்து வந்தார்கள்? அரசும் யுனிசெப்பும் சேர்ந்து ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட விவரம் நெஞ்சைச் சுடும்: அந்தப் பிள்ளைகளில் நான்கில் மூன்று பேருக்கு மேல், பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருந்தார்கள். படிப்பும் சாப்பாடும் கிடைக்கும் என்று நம்பி, ஏழைக் குடும்பங்கள் கிராமத்திலிருந்து அனுப்பிவைத்த பிள்ளைகள் அவர்கள். வாரத்துக்கு ஓர் அண்ணன், ஓர் அக்கா வந்து கொஞ்சிவிட்டு விமானம் ஏறிப் போனால், அந்தக் குழந்தை யாரை நம்பும்? போனவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. அந்தப் பணம் தாய் தகப்பன் கையில் சேர்ந்திருந்தால் பிள்ளை வீட்டிலேயே வளர்ந்திருக்கும்.

ஆகவே தம்பிகளே, தங்கைகளே, காசு வாங்கிக்கொண்டு இரண்டு வாரத்துக்குக் கூட்டிப் போகிறேன் என்பவர்களிடம் துருவிக் கேளுங்கள். இந்த வேலையைக் கேட்டது யார்? அங்கே பொறுப்பில் இருப்பவர் உள்ளூர்க்காரரா? போன ஆண்டு வந்தவர்கள் போட்ட கைப்பம்பு இப்போது ஓடுகிறதா, பழுதானால் யார் பார்க்கிறார்கள்? பள்ளிச் சுவருக்கு நீங்கள் சுண்ணாம்பு அடித்தால், அந்த ஊர் ஆளுக்கு ஒரு நாள் கூலி போகுமே, அதற்கு என்ன வழி? பதில் வரவில்லை என்றால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

காலம் கொடுக்க முடிந்தவர்களுக்கு வழி இருக்கிறது. 1961இல் அமெரிக்கா தொடங்கிய ‘பீஸ் கோர்’ என்ற அமைதிப் படையில் (பெயர்தான் படை, இது ராணுவம் அல்ல, தொண்டர் அமைப்பு) சேருகிறவர் 27 மாதம் இருக்க வேண்டும். அதில் முதல் மூன்று மாதம் பயிற்சி, பெரும்பாலும் உள்ளூர்க் குடும்பத்தோடு தங்கி மொழி கற்பது. அதில் அமெரிக்கர் மட்டுமே சேரலாம், ஆனால் அந்த முறையை நாமும் பின்பற்றலாம். நம் பிள்ளைகளுக்கு ஐக்கிய நாடுகள் தொண்டர் அமைப்பு இருக்கிறது. அதில் இளைஞர்களுக்கென்றே, 18 முதல் 26 வயது வரையிலானவர்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. அங்கே நீங்கள் பணம் கட்ட வேண்டியதில்லை. வாழ்க்கைச் செலவுக்கு அவர்களே தருவார்கள்.

நேபாளம் போக நினைப்பவர் நேபாளியை, தான்சானியா போக நினைப்பவர் சுவாஹிலியை இன்றைக்கே தொடங்குங்கள். போய் இறங்கிய பிறகு படித்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். கிணற்றடியில் பெண்கள் பேசுவது காதில் விழுந்து புரிந்தால்தான், அந்த ஊருக்கு என்ன வேண்டும் என்பதே உங்களுக்குத் தெரியவரும்.

நன்றி, வணக்கம்.