சுவரை யார் தேர்ந்தெடுப்பது?

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

பொதுச் சுவர்களில் ஓவியம் தீட்டப் பள்ளி, கல்லூரி மாணவர்களை அழைக்கும் வழக்கம் நம் நகரங்களில் பெருகியிருக்கிறது. அது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் பல இடங்களில் எந்தச் சுவர், என்ன படம், என்ன நிறம் என்பதெல்லாம் முடிவான பிறகுதான் அவர்கள் கையில் தூரிகை தரப்படுகிறது. இளையோரின் பங்கு முடிவெடுக்கும் கட்டத்திலேயே தொடங்க வேண்டும் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். அதற்குச் சான்றாக அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்தின் அனுபவத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

1980களின் தொடக்கத்தில் அந்நகரின் சுவர்களிலும் பாலங்களிலும் இளைஞர்கள் தெளிப்பு வண்ணத்தால் தங்கள் பெயர்களைக் கிறுக்கிவைத்திருந்தனர். அதை ஒழிப்பதற்கென்றே மேயர் வில்சன் கூட் 1984இல் ஒரு திட்டத்தைத் தொடங்கினார். இனி சுவர்களைக் கெடுக்கமாட்டோம் என்று எழுதிக் கையெழுத்திட்டவர்களுக்கு மன்னிப்பு அளித்து, அவர்களை ஆக்கப் பணிகளில் ஈடுபடுத்துவது என்று முடிவாயிற்று. அவர்களோடு பணியாற்ற அமர்த்தப்பட்ட ஜேன் கோல்டன் என்ற ஓவியர், ஊரே தொல்லையாகக் கருதிய அந்த இளைஞர்களிடம் கைத்திறனும், வண்ணத்தைப் பற்றிய தேர்ந்த அறிவும் இருப்பதைக் கண்டார். நகரத்தின் எந்தச் சுவர் எத்தனை பேர் கண்ணில் படும் என்பதை அவர்களைவிட நன்றாக அறிந்தவர் யார் இருந்திருக்க முடியும்? ஒழிப்புத் திட்டமாகப் பிறந்த அது, 1996இல் சுவரோவியங்களுக்கான தனித் திட்டமாகவே மாறியது. இதுவரை அங்கே உருவான ஓவியங்கள் 4,000ஐத் தாண்டும்.

ஓவியம் வரையும் முன் சுவரைச் சுற்றி வாழ்பவர்களைக் கூட்டிப் பேசுவது அத்திட்டத்தின் வழக்கம். அந்தத் தெருவின் நினைவுகள் எவை, இழப்புகள் எவை, எதைத் தினமும் பார்க்க விரும்புகிறார்கள் என்பதெல்லாம் அங்கே பேசப்படும். ஓவியர் தம் வரைவை அதற்கேற்பத் திருத்துவார். இதனால் காலம் நீளும். விரைந்து முடித்துத் திறப்பு விழா நடத்த விரும்பும் நிர்வாகத்துக்கு இது சுமையாகத் தோன்றலாம். ஆனால் அந்தப் பேச்சைக் கேட்டபின் வரையப்படும் ஓவியத்தைத் தெரு தன்னுடையதாக ஏற்றுக்கொள்கிறது. அதைக் காக்கவும் ஆள் இருக்கிறது.

வேலை நடக்கும் முறையையும் சொல்ல வேண்டும். ஒப்புதலான வரைவை ஐந்தடிச் சதுரத் துண்டுகளாகப் பிரித்து, மெல்லிய நெய்யாத் துணியில் கோடுகளாகப் பதித்து, ஒவ்வொரு சிறு பகுதிக்கும் எந்த வண்ணம் என்பதை எண்ணால் குறித்துவிடுகிறார்கள். வகுப்பறையிலோ மன்றக் கூடத்திலோ மேசைமேல் அந்தத் துணியை விரித்து யாரும் வண்ணம் தீட்டலாம். சாரத்தில் ஏற முடியாத சிறுவர்களும், சக்கர நாற்காலியில் இருப்பவர்களும், சிறைக்குள் இருப்பவர்களும்கூட இப்படிப் பங்கேற்றிருக்கிறார்கள். பிறகு துண்டுகளைப் பசையால் சுவரில் ஒட்டி, விளிம்புகளின்மேல் மீண்டும் வண்ணம் பூசினால் இணைப்பே தெரியாது.

எண்ணைப் பார்த்து வண்ணம் தீட்டுவது மட்டும் பங்கேற்பாகிவிடுமா என்று நீங்கள் கேட்கலாம். முன்னால் அந்தக் கலந்துரையாடல் நடந்திராவிட்டால் ஆகாது என்பதே என் கருத்து. ரோஜர் ஹார்ட் என்ற அறிஞர் 1992இல் யுனிசெஃப் வெளியிட்ட தம் நூலில், பிள்ளைகளின் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக விளக்கினார். அவற்றுள் கீழே உள்ள மூன்று படிகளும் பங்கேற்பே ஆகா என்பது அவர் முடிவு. அவற்றில் ஒன்று அலங்காரம்: காரணம் அறியாத பிள்ளைகளுக்கு வாசகம் அச்சிட்ட சட்டையை அணிவித்து நிறுத்துவது. இன்னொன்று ஒப்புக்குச் சேர்த்துக்கொள்வது. நம் விழாக்களில் ஒரே நிறத் தொப்பியோடு வெயிலில் வரிசையாக நிற்கும் மாணவர்களை நினைக்கும்போது, அவர்களை எந்தப் படியில் நிறுத்தியிருக்கிறோம் என்ற கேள்வி என்னை வருத்துகிறது.

சென்னையில் பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டிய கண்ணகி நகரை நேயர்கள் பலரும் அறிவார்கள். நகரின் ஆற்றங்கரைகளிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் 2000ஆம் ஆண்டு முதல் மக்களைக் கொண்டுவந்து குடியமர்த்திய பகுதி அது. 2020இல் அங்குள்ள அடுக்குமாடிச் சுவர்களில் பெரிய ஓவியங்கள் எழுந்தன. இழிவான பேச்சுக்கு ஆளாகிவந்த ஒரு பகுதியை ஊரார் வந்து பார்க்கும் இடமாக அவை மாற்றின. அது சிறிய காரியமன்று. அங்கே வளரும் பிள்ளைகளுக்கு அடுத்த சுவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் வேண்டும். சுவரோடு நில்லாமல், எந்தச் சந்தில் விளக்கில்லை, பெண் பிள்ளைகள் மாலையில் உட்கார எங்கே இடம் வேண்டும், எந்தத் திடலில் பந்து விளையாட முடியவில்லை என்பதையும் அவர்களிடமே கேட்க வேண்டும்.

இதற்குப் புதிய அமைப்பு எதுவும் தேவையில்லை. 2022 நவம்பர் 1 முதல் தமிழ்நாட்டு நகரங்களில், அந்தந்தப் பகுதி மக்கள் கூடித் தங்கள் தேவைகளைப் பேசும் பகுதி சபைக் கூட்டங்கள் நடத்தப்படுகின்றன. பூங்காவோ, விளையாட்டுத் திடலோ, பொதுச் சுவரோ பேசுபொருளாகும் கூட்டத்துக்கு அப்பகுதியின் உயர்நிலைப் பள்ளி மாணவர்களையும், படிப்பை விட்டு வேலைக்குப் போகும் இளைஞர்களையும் அழைக்கலாம். அவர்கள் சொன்னதைக் கூட்டக் குறிப்பில் எழுதி, ஏற்றது எது, ஏற்காதது எது, ஏன் என்பதை அடுத்த கூட்டத்தில் அவர்களிடமே தெரிவிக்க வேண்டும். மாமன்ற உறுப்பினர்கள் தத்தம் வார்டில் ஒரே ஒரு சுவரைக் கொண்டு இதைத் தொடங்கலாம். நன்றி, வணக்கம்.