பஸர் அடித்தால் போதுமா? மெட்ரோ பெட்டி டெஸ்டிங் வேலை பற்றி ஒரு சந்தேகம்

சரி, அடுத்த கேள்விக்கு வருவோம். அல்சூரில் பெரியப்பா வீட்டில் தங்கி வேலை தேடிக்கொண்டிருக்கும் தம்பி ஒருவர் அனுப்பியிருக்கிறார். டிப்ளமோ ஈ.இ.இ. முடித்தவர். "அண்ணா, மெட்ரோ பெட்டி செய்கிற இடத்தில் எலக்ட்ரிக்கல் டெஸ்டிங், குவாலிட்டி இன்ஸ்பெக்‌ஷன் என்று இரண்டு பிரிவுக்கும் ஆள் எடுக்கிறார்கள். டெஸ்டிங்கிலேயே மீட்டர் வைத்து எல்லாவற்றையும் பார்த்துவிடுகிறார்களே, அப்புறம் குவாலிட்டிக்காரருக்கு என்ன வேலை? 25,000 வோல்ட் என்று வேறு சொல்கிறார்கள். பயமில்லையா?"

முதல் கேள்வியை நம் ஊர்ப் பசங்க நிறைய பேர் கேட்கிறார்கள். நம்ம பெங்களூரில் திப்பசந்திரா பக்கம் பி.இ.எம்.எல். இருக்கிறது இல்லையா, 1964-இல் தொடங்கிய நிறுவனம். நம்ம மெட்ரோ, டெல்லி மெட்ரோ இரண்டுக்கும் பெட்டிகள் செய்து கொடுத்தவர்கள். அதனால் இங்கே இந்த வேலைக்குக் கேள்வி வந்துகொண்டேதான் இருக்கும்.

தம்பி, ஒரே ஒரு லக்கை எடுத்துக்கொள்ளுங்கள். கேபிள் முனையில் போட்டு கிரிம்ப் பண்ணுகிறோமே, அதாவது கருவியால் நசுக்கி இறுக்குகிறோமே, அந்த உலோக முனைதான். கேபிளுக்கு உள்ளே மெல்லிய செம்புக் கம்பிகள் நிறைய இருக்கும். இன்சுலேஷனை உரிக்கும்போது பிளேடு ஆழமாகப் போய் அதில் நாலைந்து கம்பி அறுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அல்லது அவசரத்தில் இன்சுலேஷனும் சேர்ந்து லக்குக்குள் போய் நசுங்கிவிட்டது. இப்போது நீங்கள் மீட்டரை வைத்து கன்டினியூட்டி, அதாவது கம்பி அறுபடாமல் தொடர்கிறதா என்று பாருங்கள். பஸர் அழகாக அடிக்கும். மெக்கர் (இன்சுலேஷன் வழியாகக் கரன்ட் கசிகிறதா என்று பார்க்கிற மீட்டர்) போடுங்கள், அதிலும் குறை தெரியாது. ரயிலும் ஓடும். ஆனால் அந்த இடத்தில் கரன்ட் போகப் போகச் சூடேறும். அதிர்வில் மிச்சக் கம்பிகளும் ஒவ்வொன்றாக விடும். மெட்ரோ பெட்டியை 30 வருஷம் ஓட வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் வடிவமைக்கிறார்கள். மூன்றாம் வருஷம் கருகிப்போகிற லக்கை இன்றைக்கு எந்த மீட்டரும் காட்டிக்கொடுக்காது. கண்தான் பிடிக்க வேண்டும்.

குவாலிட்டி ஆள் பார்ப்பது அதைத்தான். லக்கின் சின்ன ஓட்டை வழியாகச் செம்பு தெரிகிறதா, கிரிம்ப் அச்சு சரியான இடத்தில் விழுந்திருக்கிறதா, தகட்டு ஓட்டை வழியாகக் கேபிள் நுழைகிற இடத்தில் ரப்பர் குரோமெட் இருக்கிறதா என்று பார்ப்பார். குரோமெட் இல்லாவிட்டால் தகட்டின் விளிம்பு ஆடி ஆடி இன்சுலேஷனை அறுத்துவிடும். எர்த் போல்ட்டை டார்க் ரெஞ்ச் (அளவு பார்த்து இறுக்குகிற ஸ்பானர்) வைத்து இறுக்கிவிட்டு, போல்ட்டிலிருந்து தகடு வரைக்கும் ஒரு பெயின்ட் கோடு இழுத்திருப்பார்கள். கோடு உடைந்து விலகியிருந்தால் போல்ட் நகர்ந்துவிட்டது என்று அர்த்தம். கோடே இல்லையென்றால் இறுக்கியதற்கு சாட்சி இல்லை, திரும்ப இறுக்கத்தான் வேண்டும்.

இதில் நேரம் முக்கியம். கூரைக்கு மேலும் சுவருக்குப் பின்னாலும் போகிற ஒயரிங்கை, உள் பேனல் மூடுவதற்கு முன்னால் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். "இன்றைக்கு பேனல் மூடியே ஆகணும்" என்று புரொடக்‌ஷன்காரர்கள் பின்னாலேயே நிற்பார்கள். அந்த நேரத்தில் சிரித்துக்கொண்டே "இந்த ஒரு பக்கம் மட்டும் முடியட்டும் சார்" என்று சொல்லத் தெரிந்தவர்தான் இந்த வேலைக்கு ஆள். கூடவே கொஞ்சம் கன்னடத்திலும் சொல்லத் தெரிந்தால் பாதிச் சண்டை வராது.

டெஸ்டிங் வேறு வரிசை. முதலில் சப்ளையே இல்லாமல், டிராயிங்கை வைத்துக்கொண்டு ஃபெரூல் நம்பர் (ஒயர் முனையில் மாட்டியிருக்கிற அடையாள எண்) படி ஒவ்வொரு ஒயரும் போக வேண்டிய இடத்துக்குத்தான் போகிறதா என்று பார்ப்பார்கள். அடுத்தது மெக்கர். 110 வோல்ட் கன்ட்ரோல் சர்க்யூட்டுக்கு 500 வோல்ட் மெக்கர், பவர் கேபிளுக்கு 1000 வோல்ட் என்று போடுவது வழக்கம். அதன்பின் வழக்கத்தைவிட அதிக வோல்டேஜ் கொடுத்து இன்சுலேஷன் தாங்குகிறதா என்று பார்க்கிற ஹைவோல்டேஜ் டெஸ்ட், முடிந்ததும் மறுபடி மெக்கர். ஹைவோல்டேஜில் இன்சுலேஷன் அடி வாங்கியிருந்தால் இரண்டாவது ரீடிங் இறங்கிவிடும், அதற்காகத்தான். மழை நாளில் ரீடிங் குறைவாக வருவதும் உண்டு, உடனே கேபிளைக் குறை சொல்லிவிடக் கூடாது. இதெல்லாம் தேறிய பிறகுதான் சப்ளை கொடுத்து லைட், கதவு, ஏ.சி., பிரேக் என்று ஒவ்வொன்றாக இயக்கிப் பார்ப்பார்கள். கடைசியில் தண்டவாளத்தில் ஓட்டுவது. முதல் ரயிலுக்கு டைப் டெஸ்ட் என்று நீளமாக நடக்கும். அடுத்தடுத்து வருகிற ஒவ்வொரு ரயிலுக்கும் ரொட்டீன் டெஸ்ட் மட்டும். ஐ.இ.சி. 61133 என்கிற தரவிதி இந்த விஷயத்துக்கென்றே இருக்கிறது, பெயரையாவது தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பயம். டெல்லி, சென்னை மெட்ரோக்களில் மேலே போகிற கம்பியில் 25,000 வோல்ட் ஏ.சி. நம்ம மெட்ரோவில் மேலே கம்பியே கிடையாது, பக்கவாட்டில் மூன்றாவது தண்டவாளத்தில் 750 வோல்ட் டி.சி. எந்த ரயிலாக இருந்தாலும் ஷெட்டுக்குள் உங்கள் வேலையில் பெரும்பகுதி சப்ளை இல்லாமலும், 110 வோல்ட் டி.சி.யிலும், 415 வோல்ட்டிலும்தான் நடக்கும். பெரிய வோல்டேஜ் கொடுக்கும்போது தடுப்புக் கட்டி, சிவப்பு விளக்குப் போட்டு, பூட்டுப் போட்டு, சாவியை ஒருவர் கையில் வைத்திருப்பார்.

நான் பயப்படச் சொல்வது வேறு இரண்டுக்கு. ஒன்று, "110தானே" என்கிற அலட்சியம். டி.சி.யில் ஆர்க் (இடைவெளியில் தாவுகிற மின்பொறி) பிடித்தால் சுலபத்தில் அணையாது. இரண்டாவது, சப்ளையை நிறுத்திய பிறகும் மோட்டாரை ஓட்டுகிற கன்வர்ட்டருக்குள் கெபாசிட்டர் சார்ஜோடு உட்கார்ந்திருக்கும். பெட்டி மேல் எழுதியிருக்கிற நேரம் வரைக்கும் காத்திருந்து, மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கையை வைக்க வேண்டும். மெக்கர் போட்ட கேபிளையும் எர்த்தில் டிஸ்சார்ஜ் பண்ணாமல் தொடக் கூடாது.

எதில் சேர்வது என்று கேட்டால், என் ஓட்டு முதலில் டெஸ்டிங்குக்கு. இரண்டு வருஷம் டிராயிங்கோடு மல்லுக்கட்டிவிட்டு குவாலிட்டிக்குப் போனால், எந்த ஒயர் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்து பார்ப்பீர்கள். தெரியாமல் போகிறவர் செக்லிஸ்ட்டில் டிக் அடிப்பதோடு நின்றுவிடுகிறார், அப்படி ஆட்கள் இருக்கிறார்கள். டெஸ்டிங்கில் இடம் இல்லை, குவாலிட்டி மட்டும்தான் என்றால் விட்டுவிடாதீர்கள், சேருங்கள். உள்ளே போனபின் மாறிக்கொள்ள வழி உண்டு.

இன்டர்வியூவுக்கு ஒன்று மட்டும் படித்துக்கொண்டு போங்கள் தம்பி: மெக்கர் போடுவதற்கு முன்னால் எலக்ட்ரானிக் கார்டுகளின் கனெக்டரை ஏன் கழற்றுகிறோம்? 500 வோல்ட்டைக் கார்டு தாங்காது, எரிந்துபோகும் என்பது பாதி விடைதான். கார்டு கனெக்‌ஷனில் இருந்தால் அதன் வழியாகவும் கரன்ட் கசியும், நல்ல கேபிளுக்கும் ரீடிங் குறைவாகக் காட்டும். இந்த இரண்டாவது பாதியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அடுத்த கேள்வி, ஓசூரிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்...