கையெழுத்துப் போட முடியாத நாள்களுக்கு

நேயர்களுக்கு வணக்கம். வயதான காலத்துக்கு என்ன ஏற்பாடு செய்திருக்கிறீர்கள் என்று கேட்டால், நம் வீடுகளில் பெரும்பாலும் இரண்டு பதில்தான் வரும். 'உயில் எழுதி வச்சாச்சு', 'பையன் பேருக்கே செட்டில்மென்ட் பண்ணியாச்சு'. உயில் நாம் போன பிறகு பேசுவது. அதற்கு முன்னால் ஐந்து வருடமோ பத்து வருடமோ, உயிர் இருந்தும் கை வராத, நினைவு தங்காத காலம் ஒன்று வரலாம். அந்தக் காலத்தில் யார் பார்த்துக்கொள்வது, எந்தப் பணத்தில்? இன்றைய பேச்சு அதைப் பற்றித்தான்.

முதலில் செட்டில்மென்ட், அதாவது உயிரோடு இருக்கும்போதே சொத்தை எழுதிக் கொடுத்துவிடும் பத்திரம். தமிழ்நாட்டில் குடும்பத்துக்குள் எழுதினால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம்தான். அதனால் சட்டென்று எழுதிவிடுகிறோம். பத்திரத்தில் வழக்கமாக ஒரு வாசகம் வரும்: 'இன்று முதல் தாங்களே சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது.' அந்த 'இன்று முதல்' என்பதைக் கவனியுங்கள். பதிவு முடிந்த நிமிடத்திலிருந்து, சட்டப்படி அது உங்கள் வீடு இல்லை.

2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆவது பிரிவு இதற்காகவே இருக்கிறது. என்னைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தைக் கொடுத்து, வாங்கியவர் கவனிக்கவில்லை என்றால், கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். சிக்கல் அந்த 'நிபந்தனை' என்ற சொல்லில்தான். மத்தியப் பிரதேசத்தில் ஒரு தாய் 2019இல் மகனுக்கு வீட்டைத் தானமாக எழுதினார். பார்த்துக்கொள்வேன் என்று மகன் தந்த உறுதிமொழி தனித்தாளில் இருந்தது. தானப் பத்திரத்திலேயே நிபந்தனை இல்லையே என்று உயர் நீதிமன்ற அமர்வு அந்தத் தாய்க்கு எதிராகச் சொல்லிவிட்டது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தாய் பக்கம் நின்றது. ஆனால் எத்தனை படி ஏற வேண்டியிருந்தது! பத்திரத்துக்குள் மூன்று வரி இருந்திருந்தால் அத்தனை அலைச்சல் வந்திருக்காது.

அந்த மூன்று வரியை மெதுவாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். 'என் ஆயுளும் என் மனைவியின் ஆயுளும் உள்ளவரை இவ்வீட்டில் குடியிருக்கவும் இதன் வாடகையைப் பெறவும் எங்களுக்கு உரிமை உண்டு. எங்கள் உணவு, உடை, மருத்துவத் தேவைகளை நீ கவனிக்க வேண்டும். தவறினால் இந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கோரலாம்.' மனைவியின் ஆயுளை விட்டுவிடாதீர்கள். கணவர் போன பிறகு வாசலில் நிற்பவர் பெரும்பாலும் அவர்தான். பெற்ற பிள்ளையிடம் நிபந்தனையா என்று கூச்சப்படவும் வேண்டாம். நல்ல பிள்ளைக்கு அந்த வரி பாரமே இல்லை.

அடுத்தது பவர் பத்திரம், அதாவது நம் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு அதிகாரம் தரும் பத்திரம். 'பவர் கொடுத்திருக்கேன், மகள் பார்த்துப்பா' என்பார்கள். எழுதிக் கொடுத்தவரின் மனநிலை தவறினால் அந்த அதிகாரம் முடிந்துபோகும். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் சொல்வது இது. மறதி நோய் முற்றிய பிறகு, மிகத் தேவையான நேரத்தில், அது வெறும் தாள். பிறகு காப்பாளராக நியமிக்கச் சொல்லி நீதிமன்றம் போக வேண்டும். ஆகவே நினைவு தெளிவாக இருக்கும்போதே, மாதச் செலவுக்கான பணத்தைக் கூட்டுக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள்.

கூட்டுக் கணக்கிலும் ஒரு கண்ணி உண்டு. 'இருவரில் ஒருவர்' என்று போட்ட வைப்புத்தொகையாக இருந்தாலும், முதிர்வுக்கு முன் உடைக்க, இருவரும் உயிரோடு இருக்கும்வரை இருவர் கையெழுத்தையும் கேட்பார்கள். ஒரே ரசீதாகப் போடாமல் நான்கைந்தாகப் பிரித்து, வேறு வேறு மாதத்தில் முதிரும்படி போடுங்கள். நாமினி போட்டிருக்கிறோமே என்றால், அது மரணத்துக்குப் பிறகுதான் உதவும். நினைவு இருந்து கை மட்டும் வராதவருக்கு வழி உண்டு: ஒரு வங்கி அதிகாரி உட்பட இரண்டு சாட்சிகள் முன் கட்டைவிரல் ரேகை, அதுவும் முடியாவிட்டால் கால்விரல் ரேகை.

மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் மருத்துவமனைச் செலவுக்குத்தான். வீட்டில் வைக்கும் உதவியாளரின் சம்பளத்துக்குத் தனியாகப் பணம் ஒதுக்க வேண்டும். இதை விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன், நேரம் முடிகிறது.

கடைசியாக ஒன்று. மீளவே முடியாத நிலையில் செயற்கைக் கருவிகள் வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்க 2018இல் உச்ச நீதிமன்றம் வழிவிட்டது. 2023இல் முறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள் போதும், நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி சான்றொப்பமிட வேண்டும். ஒரு பிரதியைக் குடும்ப மருத்துவரிடம் கொடுத்துவையுங்கள். வணக்கம்.