ஸ்டெல்லா யங் தனக்காகத்தான் ஆடினார்

எல்லாருக்கும் வணக்கம். நீளமாகப் பேசப்போவதில்லை, எனக்குப் பிறகு பேசவேண்டியவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள்.

மாற்றுத்திறனாளிகளுக்கான உலக நாள் டிசம்பர் 3. ஐ.நா. 1992-இல் அறிவித்தது. அதையொட்டி நாம் கூடும்போதெல்லாம், அந்த நாளுக்கு மூன்று நாள் கழித்து, 2014 டிசம்பர் 6-ஆம் தேதி இறந்துபோன ஸ்டெல்லா யங் என்ற ஆஸ்திரேலியப் பெண் எனக்கு ஞாபகம் வருகிறார். வயது 32. பத்திரிகையாளர், மேடையில் ஏறி ஊரையே சிரிக்க வைக்கிற நகைச்சுவைக் கலைஞர், அப்புறம் நடனம் என்றால் உயிரை விடுகிறவர். எலும்புகள் சுலபமாக முறிந்துவிடுகிற பிறவிக் குறைபாடு அவருக்கு. சக்கர நாற்காலியில்தான் எங்கும் போவார்.

விக்டோரியா மாநிலத்தில் ஸ்டாவெல் என்கிற சின்ன ஊரில் வளர்ந்தவர். அவருக்குப் பதினைந்து வயது இருக்கும்போது ஊர்க்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்து, உங்கள் மகளைச் சாதனை விருது ஒன்றுக்குப் பரிந்துரை செய்யலாம் என்றிருக்கிறோம் என்றாராம். பெற்றோர் சொன்ன பதிலைப் பாருங்கள்: ரொம்ப நல்லது, ஆனால் அவள் இன்னும் ஒன்றும் சாதிக்கவில்லையே! பள்ளிக்கூடம் போகிறாள், அம்மாவின் முடிதிருத்தும் கடையில் மாலையில் சின்னச் சின்ன வேலை செய்கிறாள், மீதி நேரம் டிவி பார்க்கிறாள், இதற்கு எதற்கு விருது? அந்தப் பெற்றோரை எனக்கு அவ்வளவு பிடிக்கிறது. மகளை மற்றப் பிள்ளைகளைப் போலவே பார்த்திருக்கிறார்கள். இத்தனைக்கும் பதினான்கு வயதிலேயே ஊரின் கடைத்தெருவில் எந்தெந்தக் கடைக்குள் சக்கர நாற்காலி நுழையும், எதற்குள் நுழையாது என்று கணக்கெடுத்த பெண் அவர். அதற்காக விருது என்றால்கூட ஒரு நியாயம் இருந்திருக்கும்.

பிறகு மெல்பர்னில் ஆசிரியரானார். ஒரு நாள் வகுப்பில் அவதூறுச் சட்டம் நடத்திக்கொண்டிருக்கிறார், இருபது நிமிடம் ஆகிவிட்டது, ஒரு பையன் கையைத் தூக்குகிறான். "மிஸ், உங்க பேச்சை எப்ப ஆரம்பிப்பீங்க?" என்ன பேச்சு என்று இவர் கேட்டால், சக்கர நாற்காலியில் வருகிறவர்கள் பள்ளிக்கு வந்தால் தன்னம்பிக்கை ஊட்டுகிற மாதிரி ஏதாவது பேசுவார்களே, அது என்கிறான். பையன்மேல் தப்பில்லை. அவன் அதுவரை அப்படிப்பட்டவர்களை ஆசிரியராகவோ டாக்டராகவோ பார்த்ததில்லை, பெரிய ஹாலில் மைக்கோடுதான் பார்த்திருக்கிறான்.

2014-இல் சிட்னியில் அவர் பேசிய பேச்சு உலகம் முழுக்கப் பரவியது. கையில்லாத குழந்தை வாயால் படம் வரைகிற போஸ்டரைப் போட்டு, கீழே ஒரு வாசகம் எழுதி, 'இவங்களே இப்படி இருக்காங்க, எனக்கென்ன குறை' என்று மற்றவர்கள் தேற்றிக்கொள்வதற்காக எங்கள் வாழ்க்கையை எடுக்காதீர்கள் என்றார். என் உடம்பு எனக்குத் தருகிற கஷ்டத்தைவிட நாம் வாழும் சமூகம் தருகிற கஷ்டம்தான் அதிகம், படிக்கட்டைப் பார்த்து எவ்வளவு சிரித்தாலும் அது சாய்தளமாக மாறாது என்றார். சிரிப்பதற்குப் பஞ்சமே இல்லாத ஒருவர் சொன்னது இது. நான் இந்த மேடைக்குப் படியேறித்தான் வந்தேன். பக்கத்தில் சாய்தளம் எதுவும் இல்லை, ஏற்பாட்டாளர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, சொல்லிவிட்டேன்.

அந்த ஆண்டு அவருக்குச் சுலபமான ஆண்டு இல்லை. ஆஸ்திரேலியப் பொது ஒலிபரப்பு நிறுவனத்துக்காக அவர் பதிப்பாசிரியராக இருந்து நடத்திய, ஊனமுற்றோருக்கான இணையதளம், நிதி நின்று ஜூன் மாதத்தோடு மூடப்பட்டது. அப்போதும் மேடையை விடவில்லை, ஆட்டத்தை விடவில்லை. நடனத்தைப் பற்றி அவர் எழுதியதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது. ஊனமுற்ற உடம்பு ஆடினாலே அது அரசியல்தான், ஆனாலும் நான் ஆடுவது பெரும்பாலும் மற்றவர்கள் எதற்காக ஆடுகிறார்களோ அதற்காகத்தான், மனசு ஆறுகிறது, சந்தோஷமாக இருக்கிறது என்கிறார். நடனக் கூடத்தில் பாட்டுக்குத் தகுந்தபடி சக்கரத்தைத் திருப்பிக்கொண்டு ஆடுகிற ஒருத்தியைப் பார்த்து நம் கண் கலங்கினால், அவள் அங்கே வந்த காரணமே நமக்குப் புரியவில்லை என்று அர்த்தம். அவள் ஆட வந்திருக்கிறாள், அவ்வளவுதான்!

எண்பது வயதில் தான் எப்படி இருப்போம் என்று நினைத்து, அந்தக் கிழவி ஸ்டெல்லாவுக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். எண்பது வரைக்கும் இருக்கத்தான் திட்டம் போட்டிருந்தார். அதனால், 'பாவம், கஷ்டத்திலிருந்து விடுதலை' என்று யாராவது சொன்னால் எனக்கு ஆத்திரம் வருகிறது. அவர் எதிலிருந்தும் விடுபடக் காத்திருக்கவில்லை. இன்னும் நாற்பத்தெட்டு வருஷம் வேண்டும் என்று கேட்டவர். நாம் அழவேண்டியது அந்த வருஷங்களுக்காக.

இங்கே மகனையோ தங்கையையோ தோழியையோ இளம் வயதில் பறிகொடுத்தவர்கள் வந்திருக்கிறீர்கள். அடுத்துப் பேசப்போவது நீங்கள்தான். எவ்வளவு தைரியமான பிள்ளை என்பதை அப்புறம் சொல்லலாம். எதற்கு விழுந்து விழுந்து சிரிப்பாள், எந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டு உங்கள் உயிரை வாங்குவான், யாரோடு பேசாமல் முறுக்கிக்கொண்டு இருந்தான், அதையெல்லாம் சொல்லுங்கள், கேட்கிறோம். யாரும் மேடைக்கு வரவேண்டாம். மைக்கை நான் கீழே கொண்டு வருகிறேன், முதல் வரிசையிலிருந்து ஆரம்பிப்போம்.